விலையைக் குறைச்சா ஃபிளாட் வித்துடுமா?

மூணாவது வருஷ லீவுல இன்டர்ன்ஷிப்புக்காக சென்னையில ஒரு அபார்ட்மென்ட் சைட்டுக்குப் போயிருந்தேன். க்யூப் டெஸ்ட், கம்பி கட்டுறதுன்னு நாள் ஓடும்னு நினைச்சேன். ஆனா ஞாயிற்றுக்கிழமைகள்ல ஆள் பத்தலைன்னு என்னை மாடல் ஃபிளாட்டுல உட்கார வச்சுட்டாங்க. மார்க்கெட் டல். ஒரு நாளைக்கு நாலு குடும்பம் வந்தா அதிசயம். சேல்ஸ் அண்ணாகிட்ட, "விலையைக் குறைச்சா வித்துடுமே அண்ணா?"ன்னு கேட்டேன். "வர்றவங்க முதல்ல என்ன கேட்குறாங்கன்னு கவனி"ன்னு மட்டும் சொன்னார்.

கவனிச்சேன். பெரும்பாலும் முதல் கேள்வி விலை இல்லை. "சாவி எப்போ கொடுப்பீங்க?"

இந்தக் கேள்வியோட கனம் எனக்குத் தெரியும். எங்க அப்பா 2012ல ஒரு ஃபிளாட் புக் பண்ணார். ரெண்டு வருஷத்துல தர்றோம்னாங்க. அஞ்சு வருஷம் ஆச்சு. பேங்க் கொடுத்த லோன் பணத்துக்கு வட்டி ஒரு பக்கம், குடியிருந்த வீட்டுக்கு வாடகை இன்னொரு பக்கம். என் எட்டாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் வீட்டுல பேச்சே இதுதான். அப்படி ஒரு குடும்பத்துக்கிட்ட போய் சதுர அடிக்கு 200 ரூபாய் குறைக்கிறோம்னு சொன்னா என்ன பிரயோஜனம்?

முதல்ல விலைக்குறைப்பைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 லட்சம் லோன், 20 வருஷம், 8.5 சதவீத வட்டின்னா மாச இ.எம்.ஐ சுமார் 43,400 ரூபாய். பில்டர் 2 லட்சம் குறைச்சு, லோன் 48 லட்சம் ஆச்சுன்னா மாசத்துக்கு மிச்சம் 1,700 சொச்சம். அதுவே வட்டி 7 சதவீதத்துக்கு இறங்கினா இ.எம்.ஐ சுமார் 38,800. மிச்சம் 4,600. ஆனா வட்டி பில்டர் கையில இல்லை. இதுல இன்னொரு சிக்கலும் இருக்கு. விலையை வெளிப்படையா குறைச்சா, ஏற்கெனவே வாங்கினவங்க சண்டைக்கு வருவாங்க. புதுசா வர்றவங்க "இன்னும் குறையும்"னு காத்திருப்பாங்க. அதனாலதான் தள்ளுபடி எல்லாம் மாடுலர் கிச்சன், ரெஜிஸ்ட்ரேஷன் செலவு, கார் பார்க்கிங்னு வேஷம் போட்டுட்டு வருது. (திறந்தவெளி பார்க்கிங்கை 'ஃப்ரீ'ன்னு சொன்னா சிரிச்சுக்கோங்க. சட்டப்படி அது பொது இடம். தனியா விற்கவே முடியாது.)

அப்போ எதுதான் விற்க வைக்கிறது? முடிஞ்ச கட்டடம். இதுக்குப் பயம் ஒரு காரணம்னா, வரி இன்னொரு காரணம். 2019 ஏப்ரல் முதல், கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டுக்கு ஜி.எஸ்.டி 5 சதவீதம். கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட் வாங்கிய பிறகு விற்றால் ஜி.எஸ்.டி கிடையாது. 60 லட்சம் ஃபிளாட்டுல அது 3 லட்சம் வித்தியாசம். ரெடியான ஃபிளாட்டுக்கு பில்டர் விலையைக் கொஞ்சம் ஏத்தித்தான் சொல்வார். இருந்தாலும் போன மாசமே வாடகை நின்னுடும் இல்லையா?

அடுத்தது சைஸ். விலை 45 லட்சத்துக்குள்ள, கார்ப்பெட் ஏரியா 60 சதுர மீட்டருக்குள்ள இருந்தா, சென்னை மாதிரி பெருநகரத்துல வரி 1 சதவீதம்தான். (கார்ப்பெட் ஏரியாவுக்குத் தமிழ்ல என்னன்னு எனக்குத் தெரியலை. சுவருக்கு உள்ளே நாம நடமாடுற இடம்னு வச்சுக்கோங்க.) 60 சதுர மீட்டர்னா சுமார் 645 சதுர அடி. விளம்பரங்கள்ல 640 சதுர அடி, 44.9 லட்சம்னு பார்த்தா, அது ஆர்க்கிடெக்ட்டோட ரசனை இல்லை, வரி கணக்கு. டல் மார்க்கெட்ல சதுர அடி விலையைவிட மொத்த விலைதான் ஆளை உள்ளே கூட்டிட்டு வருது.

"அப்போ பணச் சலுகை வேலையே செய்யாதா?"ன்னு கேட்கலாம். செய்யும், கெடு வச்சா. 2020ல கொரோனாவால மும்பை மார்க்கெட் படுத்திருந்தது. மகாராஷ்டிர அரசு முத்திரைத்தாள் கட்டணத்தை செப்டம்பர் முதல் டிசம்பர் 31 வரைக்கும் 5 சதவீதத்துல இருந்து 2 சதவீதமா குறைச்சது. அந்த 2 சதவீதத்தையும் நாங்களே கட்டுறோம்னு சில பில்டர்கள் முன்வந்தாங்க. டிசம்பர்ல மட்டும் மும்பையில கிட்டத்தட்ட 20 ஆயிரம் பத்திரப்பதிவு. வீட்டுக்கடன் வட்டியும் அப்போ 7 சதவீதத்துக்குக் கீழ வந்திருந்தது, அதனால எல்லாப் புகழும் வரிக்குறைப்புக்கே இல்லை. ஆனா இங்க "இன்னும் குறையும்"னு யாரும் காத்திருக்க முடியாது. தேதி முடிஞ்சா போச்சு.

சிவில் பசங்க இதைக் கொஞ்சம் உன்னிப்பா படிங்க. 2016 ரெரா சட்டப்படி, வாங்குறவங்க தர்ற பணத்துல 70 சதவீதம் அந்தத் திட்டத்துக்கான தனி பேங்க் கணக்குலதான் இருக்கணும். வேலை எவ்வளவு முடிஞ்சிருக்கோ அந்த அளவுக்குத்தான் எடுக்கலாம். அதுக்கு ஒரு ஆர்க்கிடெக்ட், ஒரு சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட், ஒரு இன்ஜினியர் சர்டிஃபிகேட் தரணும். நாளைக்கு அந்த இன்ஜினியர் நீங்களா இருக்கலாம். ஸ்லாப் போடாமலே போட்டதா கையெழுத்து போட்டீங்கன்னா, எங்கேயோ ஒரு வீட்டுல வாடகையும் வட்டியும் சேர்ந்து ஓடும்.

நான் இருந்த சைட்டுல மூணு பிளாக். மூணையும் ஒண்ணா ஏத்தாம, மார்க்கெட் டல்லுன்னு ஆள், பொருள் எல்லாத்தையும் ஏ பிளாக்குக்கே திருப்பினாங்க. எனக்கு முதல்ல அது தோல்வி மாதிரி தெரிஞ்சது. ஆனா லிஃப்ட் ஓட ஆரம்பிச்சு, நாலஞ்சு வீட்டுல ராத்திரி லைட் எரிய ஆரம்பிச்சதும், பி பிளாக்கைப் பத்தி விசாரிக்கிறவங்க அதிகமானாங்க.

அதுல ஒரு ரிட்டயர்டு சார். மூணு ஞாயிறு தொடர்ந்து வந்தார். ஒரு தடவை ஏ பிளாக் மொட்டை மாடி வரைக்கும் ஏறினார். இன்னொரு தடவை குடிவந்த வீட்டுக் கதவைத் தட்டி, "2015 வெள்ளத்துல இந்தத் தெருவுல தண்ணி எவ்வளவு? மெட்ரோ வாட்டரா, லாரித் தண்ணியா?"ன்னு கேட்டார். மூணாவது வாரம் ரெரா நம்பரை ஃபோன்ல தட்டி, தளத்துல போட்டிருக்குற முடிக்கும் தேதியும் அண்ணா சொன்ன தேதியும் ஒண்ணான்னு பார்த்தார். ஒண்ணுதான்.

அட்வான்ஸ் செக் எழுதும்போது ஐம்பதாயிரம் குறைக்கச் சொல்லி கேட்டுப் பார்த்தார். அண்ணா குறைக்கலை. அவரும் எழுதின செக்கைக் கிழிக்கலை.