அழுத்தமின் விளைவு: முக்கியக் குறிப்புகள்

அடிப்படை

• சில படிகங்களை அழுத்தினாலோ வளைத்தாலோ அவற்றின் எதிரெதிர் முகங்களில் நேர், எதிர் மின்னூட்டங்கள் தோன்றும். இது நேர் அழுத்தமின் விளைவு (பீசோ மின் விளைவு).

• தோன்றும் மின்னூட்டம் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அழுத்துவதற்குப் பதில் இழுத்தால் மின்னூட்டத்தின் குறி மாறும்.

• அதே படிகத்துக்கு மின்னழுத்தம் கொடுத்தால் அது நீளும் அல்லது சுருங்கும். இது எதிர் அழுத்தமின் விளைவு.

காரணம்

• குவார்ட்ஸ் என்பது சிலிக்கன் டை ஆக்சைடு. இயல்பு நிலையில் அதன் நேர், எதிர் மின்னூட்டங்களின் மையங்கள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தியிருக்கும். அழுத்தும்போது அணுக்கள் சற்றே இடம்பெயர, இரு மையங்களும் விலகுகின்றன, படிகம் முனைவுறுகிறது.

• மையச் சமச்சீர் (மையத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரே அணு அமைப்பு) இல்லாத படிகங்களில் மட்டுமே இது நிகழும். மொத்தப் படிக வகுப்புகள் 32. மையச் சமச்சீர் இல்லாதவை 21. அவற்றில் அழுத்தமின் பண்பு உள்ளவை 20.

• சமையல் உப்புப் படிகத்துக்கு மையச் சமச்சீர் உண்டு. எனவே அதில் இவ்விளைவு இல்லை.

வரலாறு

• 1880: பிரான்சில் ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தனர். ஆராய்ந்தவற்றில் குவார்ட்ஸ், டூர்மலின், கரும்புச் சர்க்கரை, ரோஷெல் உப்பு ஆகியவை அடங்கும்.

• 1881: எதிர் விளைவு இருக்க வேண்டும் என்று கேப்ரியல் லிப்மன் கணித வழியில் முன்னறிவித்தார். கியூரி சகோதரர்கள் அதே ஆண்டில் சோதனையால் உறுதிசெய்தனர்.

• 1898: மேரி கியூரி கதிரியக்க ஆய்வில் குவார்ட்ஸ் தகட்டைப் பயன்படுத்தினார். தகட்டில் எடைகளைத் தொங்கவிட்டு, அப்போது தோன்றும் மின்னூட்டத்தால் கதிர்வீச்சு உண்டாக்கிய மிக நுண்ணிய மின்னோட்டத்தை ஈடுசெய்து அளந்தார். கணவர் பியரின் கண்டுபிடிப்பு மனைவியின் ஆய்வுக்கு அளவுகோலானது.

• 1917: முதல் உலகப் போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிய, பால் லாங்கெவின் குவார்ட்ஸால் மீயொலி அலைகளை உருவாக்கினார்.

• 1969, டிசம்பர் 25: முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை ஜப்பானின் சீகோ நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

பொருள்கள்

• செயற்கைப் பீங்கான்கள்: பேரியம் டைட்டனேட், லெட் சிர்க்கோனேட் டைட்டனேட். தயாரிப்பின்போது வலுவான மின்புலத்தில் வைத்த பிறகே இவை அழுத்தமின் பண்பைப் பெறும். கியூரி வெப்பநிலை எனப்படும் வரம்புக்கு மேல் சூடாக்கினால் அப்பண்பை இழக்கும்.

• 1 நியூட்டன் விசைக்குக் குவார்ட்ஸ் தரும் மின்னூட்டம் ஏறத்தாழ 2.3 பிக்கோகூலும். லெட் சிர்க்கோனேட் டைட்டனேட் சில நூறு பிக்கோகூலும் தரும்.

• எலும்பிலும் இப்பண்பு உண்டு. ஃபுகாடா, யாசுடா என்னும் ஜப்பானியர் 1957-இல் இதை வெளியிட்டனர்.

பயன்கள்

• நேர் விளைவு: கேஸ் லைட்டர், அதிர்வு உணரி, கிட்டார் பிக்கப். லைட்டரை அழுத்தும்போது உள்ளிருக்கும் சுருள்வில் ஒரு சிறு சுத்தியலை விடுவிக்கிறது. அது பீங்கான் துண்டைத் தட்டியதும் பல ஆயிரம் வோல்ட் உருவாகிப் பொறி பறக்கிறது. பேட்டரி தேவையில்லை.

• எதிர் விளைவு: பஸ்ஸர், இங்க்ஜெட் பிரிண்டர்களில் ஒரு வகை, குவார்ட்ஸ் கடிகாரம். கடிகாரப் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும். இது 2-இன் 15-ஆம் அடுக்கு. 15 முறை இரண்டால் வகுத்தால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும்.

• இரண்டும் சேர்ந்தது: மருத்துவ மீயொலி ஸ்கேன். எதிர் விளைவால் மீயொலி வெளிப்படும். திரும்பிவரும் எதிரொலி நேர் விளைவால் மின் சைகையாகும்.

குழப்பம் தரும் இடங்கள்

• வெப்பநிலை மாற்றத்தால் மின்னூட்டம் தோன்றுவது வெப்பமின் விளைவு. வெப்பமின் பண்புள்ள படிகங்கள் அனைத்தும் அழுத்தமின் பண்புள்ளவை. இதன் மறுதலை உண்மையன்று.

• மாறாத விசையால் தொடர் மின்னோட்டம் கிடைக்காது. தோன்றிய மின்னூட்டம் மெல்லக் கசிந்துவிடும். விசை மாறிக்கொண்டே இருக்க வேண்டும்.

• பியர் கியூரி 1903-இல் நோபல் பரிசு பெற்றது கதிரியக்க ஆய்வுக்காக. லிப்மன் 1908-இல் பெற்றது வண்ணப் புகைப்பட முறைக்காக. இரண்டுமே அழுத்தமின் விளைவுக்காக அல்ல.

தேர்வர்களுக்கு: பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு கருவியின் பெயரைக் கண்டதும், உள்ளே செல்வது விசையா மின்சாரமா என்று பாருங்கள். விசை என்றால் நேர் விளைவு, மின்சாரம் என்றால் எதிர் விளைவு.