வாங்கிய வீரரும் வாராத வருமானமும்

கொல்கத்தாவில் வாழும் நமக்குக் கால்பந்தைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் பிள்ளைகள் இப்போது ஐரோப்பிய ஆட்டங்களையும் பார்த்து, எந்த வீரர் எத்தனை கோடிக்கு விலை போனார் என்று பேசிக்கொள்கிறார்கள். கணக்கு எழுதுவதையே தொழிலாகக் கொண்ட எனக்கோ, அந்தக் கோடிகள் எங்கிருந்து வருகின்றன என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைடெட் கிளப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை ஆராய்வோம்.

முதலில் கணக்கு முறையைப் புரிந்துகொள்வோம். ஒரு வீரரை 100 லட்சத்துக்கு 5 ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்கினால், முழுத் தொகையும் அந்த ஆண்டே செலவாக எழுதப்படுவதில்லை. ஆண்டுக்கு 20 லட்சமாகப் பிரித்து எழுதுவார்கள். அதனால் சுமை லேசாகத் தோன்றும். ஆனால் வீரரின் சம்பளம் தனி. கடன் வாங்கியிருந்தால் வட்டியும் தனி. இவை வென்றாலும் தோற்றாலும் தவணை தவறாமல் கொடுக்க வேண்டியவை. வருமானமோ வெற்றியைப் பொறுத்தது. ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

லீட்ஸ் கிளப் 2000 நவம்பரில் ரியோ பெர்டினாண்டை 1 கோடியே 80 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. அன்று அது பிரிட்டனிலேயே மிக அதிக விலை. 2001-இல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை சென்றது. ஆனால் அதே பருவத்தில் உள்நாட்டு லீக்கில் 4-ஆம் இடமே கிடைத்தது. அப்போது முதல் 3 இடத்தவருக்கே சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பு. 3-ஆம் இடம் பெற்ற லிவர்பூலுக்கும் லீட்ஸுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி!

அதற்குப் பிறகாவது கையைச் சுருக்கினார்களா? இல்லை. 2001-இல், எதிர்கால டிக்கெட் வசூலை ஈடுகாட்டி, 25 ஆண்டுக் கடனாக 6 கோடி பவுண்டு வாங்கினார்கள். அடுத்த பருவத்தில் 5-ஆம் இடம். மீண்டும் சாம்பியன்ஸ் லீக் வருமானம் இல்லை.

பிறகு விற்பனை தொடங்கியது. 2002-இல் பெர்டினாண்ட் சுமார் 3 கோடி பவுண்டுக்கு மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார். அதில் லாபம்தான். ஆனால் அவசரத்தில் விற்பவனுக்கு எப்போதும் நல்ல விலை கிடைக்குமா? 1 கோடியே 20 லட்சத்துக்கு வாங்கிய ராபி கீன் 70 லட்சத்துக்குப் போனார். 2003-இல் ராபி பவுலரை விற்ற பிறகும் அவர் சம்பளத்தில் ஒரு பங்கை லீட்ஸே கொடுத்து வந்தது.

2004-இல் அணி முதல் பிரிவிலிருந்து இறங்கியது. அதே ஆண்டு சொந்த மைதானமான எல்லண்ட் ரோட்டை விற்று, அங்கேயே வாடகைக்கு ஆடியது. 2007-இல் மூன்றாம் பிரிவுக்குச் சரிந்தது. மைதானம் மீண்டும் கைக்கு வந்தது 2017-இல். முதல் பிரிவுக்குத் திரும்பியது 2020-இல்.

வீரர்களை வாங்கியது குற்றமன்று. வரக்கூடும் என்ற வருமானத்தை, வந்துவிட்ட வருமானமாக எண்ணி நிலையான செலவை ஏற்றுக்கொண்டதே குற்றம். பதவி உயர்வு வரும் என்று நம்பிப் பெரிய வீட்டுக் கடன் வாங்கும் குடும்பத்துக்கும் இதே கணக்குதான். வள்ளுவர் 'வலியறிதல்' அதிகாரத்தில் வரவையும் செலவையும் சேர்த்தே எண்ணச் சொன்னதும் இதற்காகவே.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி: 50 லட்சத்துக்கு 5 ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்கிய வீரரை, 2 ஆண்டு கழித்து 20 லட்சத்துக்கு விற்றால் ஏட்டில் நட்டம் எவ்வளவு? (விடை: 2 ஆண்டில் எழுதிய செலவு 20 லட்சம்; மீதி மதிப்பு 30 லட்சம்; எனவே நட்டம் 10 லட்சம்.)