படிக்காத சர்வேயரும் பிரம்மபுத்திராவும்



சர்வே பிராக்டிகலுக்கு செஞ்சி ராஜகிரி அடிவாரத்தில் செயின் பிடித்து வெயிலில் வாடும்போது, "ஃபீல்டு புக்கை அப்புறம் எவனையாவது பார்த்து எழுதிக்கலாம்டா" என்போம். நானும் அப்படிச் சொன்னவன்தான். கிந்துப்பின் கதை தெரிந்தபின் சொல்வதில்லை.

திபெத்தில் கிழக்கு நோக்கி ஓடும் சாங்போ ஆறு, பெரும் மலையிடுக்கில் புகுந்து மறைகிறது. அதுதான் அஸ்ஸாமில் பிரம்மபுத்திராவாக வருகிறதா? 19-ஆம் நூற்றாண்டில் இந்திய சர்வே துறைக்கு இது பெரிய கேள்வி. திபெத்துக்குள் அந்நியர் நுழையத் தடை. எனவே மலைநாட்டு ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, மாறுவேடத்தில் அனுப்பினார்கள்.

செயின் இல்லாமல் எப்படி அளப்பது? கால்தான் செயின்! குமாவூன் பள்ளி ஆசிரியர் நயின்சிங் ராவத் 1865-66-ல் லாசா வரை இப்படித்தான் அளந்தார். ஒரே அளவாகத் தப்படி வைத்துப் பழகி, 100 தப்படிக்கு ஒரு மணி என்று ஜெபமாலையை உருட்டினார். வழக்கமான மாலையில் 108 மணி; அவருடையதில் 100. ஆக, ஒரு சுற்று 10,000 தப்படி. உயரம் காண, கொதிநீரில் தெர்மாமீட்டர். மேலே போகப்போக, தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும்.

1880-ல் சிக்கிமைச் சேர்ந்த கிந்துப், ஒரு லாமாவுக்கு உதவியாளாக அனுப்பப்பட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர். அந்த லாமா அவரை அடிமையாக விற்றுவிட்டுப் போய்விட்டார். தப்பி ஓடி ஒரு மடத்தில் தஞ்சம் புகுந்த கிந்துப், அப்போதும் வேலையை விடவில்லை. குறி போட்ட 500 மரக்கட்டைகளை, நாளைக்கு 50 வீதம் ஆற்றில் விட்டார். அஸ்ஸாமில் அவை மிதந்து வந்தால் இரண்டும் ஒரே ஆறு! ஆனால் பிறரிடம் சொல்லி அவர் எழுதுவித்த கடிதம் உரிய காலத்தில் போய்ச் சேரவில்லை. கட்டைகளைப் பார்க்க ஆளில்லை.

1884-ல் திரும்பி வந்து, கண்டதை வாயால் சொன்னார். எழுதியவர்கள் இரண்டு அருவிகளைக் குழப்பி, கிளை ஓடையின் 150 அடி அருவியைப் பெரிய ஆற்றிலேயே போட்டுவிட்டார்கள். 1913-ல் பெய்லியும் மோர்ஸ்ஹெட்டும் நடந்துபோய்ப் பார்த்தபோது, ஆற்றில் இருந்தது சுமார் 30 அடி அருவி. கிந்துப் சொன்ன வழியோ பெரும்பாலும் சரியாக இருந்தது.

எங்க அப்பாவும் கைநாட்டுதான். நில மனுவில் யாரோ சர்வே நம்பரை மாற்றி எழுதிவிட, இரண்டு வருஷம் நடையாய் நடந்தார். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். இப்போது என் அளவை நானே, அளந்த இடத்திலேயே எழுதுகிறேன்.

நண்பர்களே, 30 மீட்டர் டேப்பை விரித்து மூன்று முறை நடந்து, உங்கள் தப்படி எவ்வளவு என்று பாருங்கள். பார்த்ததை உங்கள் கையாலேயே எழுதுங்கள்!