இல்லமே மருத்துவமனை: காசநோய் ஆய்வில் சென்னை உலகுக்குத் தந்த பாடம்

முன்னுரை

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றவுடன் ஆண்டாள் திருக்கோயிலின் கோபுரமும் பால்கோவாவும் நம் நினைவுக்கு வருகின்றன. இராஜபாளையம் என்றவுடன் நூற்பாலைகள் நினைவுக்கு வருகின்றன. அதனை அடுத்துள்ள சத்திரப்பட்டியில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி எங்கெங்கோ உள்ள மருத்துவமனைகளுக்குச் சென்று, யார் யாருடைய புண்களையோ ஆற்றுகிறது. உலகின் காயத்துக்குக் கட்டுத்துணி நெய்து தரும் இப்பகுதியில், தறியருகிலும் பஞ்சுத் தூசியிலும் உழைப்போர் இருமும்போது அதனை நாம் எவ்வாறு எதிர்கொள்கிறோம்? இவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய் ஆகும்.

காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றிய ஓர் ஆய்வு, நம் மாநிலத் தலைநகரில், ஏழை மக்களின் சிறு குடிசைகளில் நடந்தது. அதனைப் படித்தவருள்ளும் பலர் அறியார். அவ்வாய்வையும், அதன் தொடர்ச்சியாக அண்மையில் வெளிவந்துள்ள ஆய்வு முடிவுகளையும், அவற்றால் நாம் பெற வேண்டிய படிப்பினையையும் இங்குக் காண்போம்.

பெயர்கள் உணர்த்தும் பொருள்

இந்நோய்க்குத் தமிழில் பல பெயர்கள் வழங்குகின்றன. காசம் என்பது இருமலைக் குறிக்கும். சயம் என்பது தேய்வைக் குறிக்கும். எலும்புருக்கி என்னும் பெயரோ, தசை வற்றி எலும்பு தெரிய உடல் உருகும் நிலையைக் கண்முன் நிறுத்துகிறது. ஆகவே, மக்கள் இட்ட பெயர்களிலேயே இந்நோயின் இரு கூறுகள் அடங்கியுள்ளன. ஒன்று, இருமலின் வழியே பிறருக்குப் பரவும் தொற்று. மற்றொன்று, உணவும் உடலும் குறைந்து தேயும் மெலிவு. கடந்த எழுபது ஆண்டு ஆய்வுகளை இவ்விரு சொற்களைக் கொண்டே விளக்கிவிடலாம்.

1882ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் இந்நோய்க்குக் காரணமான நுண்கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தார். அந்நாளே இன்று உலகக் காசநோய் நாளாக நினைவுகூரப்படுகிறது. எனினும், கிருமியை அறிந்த பின்னரும் அதனைக் கொல்லும் மருந்து கிடைக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அதுவரை தூய காற்று, ஓய்வு, சத்துள்ள உணவு ஆகிய மூன்றுமே மருந்தெனக் கருதப்பட்டன. அதன்பொருட்டு ஊருக்கு வெளியே சானடோரியங்கள் எழுந்தன. 1928இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து தாம்பரத்தில் நிறுவியது அத்தகையதே. இன்றும் அங்குள்ள இரயில் நிலையம் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஒப்பிட்டு அறியும் முறை

ஒரு மருந்து பயன் தந்தது என்பதை எவ்வாறு துணிவது? மருந்துண்டவன் பிழைத்தான் என்று கூறின் போதாது. உண்ணாதவன் என்னவானான் என்பதும் தெரிதல் வேண்டும். இவ்வுண்மையை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்தவர் மருத்துவ மேதை அர்ராஸி ஆவார். மூளைக் காய்ச்சலுக்குக் குருதி வெளியேற்றும் சிகிச்சை பயன்படுமா என்பதை அறிய, நோயாளருள் ஒரு சாராருக்கு அதனைச் செய்து, மற்றொரு சாராருக்கு வேண்டுமென்றே செய்யாது விட்டு ஒப்பிட்டதாக அவர் எழுதியுள்ளார். அவருக்குப் பின் வந்த இப்னு ஸீனா (980-1037) தம் அல்கானூன் என்னும் பெருநூலில், மருந்துகளைச் சோதிக்கும்போது கடைப்பிடிக்க வேண்டிய நெறிகளை வரிசைப்படுத்தினார். சயநோய் பிறருக்குத் தொற்றக்கூடியது என்னும் கருத்தும் அவருக்கு இருந்தது.

இம்முறை இருபதாம் நூற்றாண்டில் செம்மை பெற்றது. 1948இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைக் காசநோயாளரிடம் சோதித்த முடிவை வெளியிட்டது. எவருக்கு மருந்து, எவருக்கு இல்லை என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாது, குலுக்கல் போன்ற முறையால் தீர்மானித்தமையே அதன் சிறப்பு. 1952இல் ஐசோநையசிட் என்னும் மலிவான, வாய்வழி உட்கொள்ளத்தக்க மருந்தும் வந்து சேர்ந்தது.

சென்னை ஆய்வு

மருந்து வந்துவிட்டது, ஆனால் படுக்கை இல்லை. அன்றைய இந்தியாவில் காசநோயாளர் இலட்சக்கணக்கில் இருந்தனர். சானடோரியப் படுக்கைகளோ மிகக் குறைவே. படுக்கை கிடைக்கும்வரை காத்திருந்து மாண்டோர் பலர். 'வீட்டிலிருந்தபடியே மருந்துண்டால் நோய் தீராதா?' என்னும் வினா எழுந்தது. தீரலாம், ஆனால் வீட்டிலுள்ள குழந்தைகளுக்குத் தொற்றிவிட்டால்? இந்த அச்சமே அனைவரையும் தயங்க வைத்தது.

இதற்கு விடை காண 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் இதில் கைகோத்தன. வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் ஆய்வை வழிநடத்தினார். இம்மையமே பின்னாளில் வளர்ந்து, சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது.

சென்னை நகரின் ஏழை மக்களிலிருந்து 193 நோயாளர் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். குலுக்கல் முறையில் ஒரு சாரார் சானடோரியத்துக்கு அனுப்பப்பட்டனர். மற்றொரு சாரார் தம் வீடுகளிலேயே இருந்தனர். இரு சாராருக்கும் ஓராண்டுக் காலம் ஐசோநையசிட், பாஸ் என்னும் ஒரே மருந்துகளே தரப்பட்டன. சானடோரியத்தில் இருந்தவர்க்கு ஓய்வும், காற்றோட்டமும், பாலும் முட்டையும் கூடிய நல்லுணவும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்க்கோ நெருக்கடியான ஒற்றை அறை, குறைந்த உணவு, குடும்பத்தைக் காக்க உழைத்தாக வேண்டிய கட்டாயம் ஆகியவையே வாய்த்தன.

ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் இருந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 92 பேருக்கும், வீட்டில் இருந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 86 பேருக்கும் நோய் தணிந்திருந்தது. 1959இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் இம்முடிவு வெளிவந்தது. பின்னர் ஐந்தாண்டுக் காலம் இவர்களைத் தொடர்ந்து கண்காணித்தபோது, இரு சாராருக்கும் இடையே இருந்த அச்சிறு வேறுபாடும் ஏறக்குறைய மறைந்துவிட்டது.

வீட்டாருக்குத் தொற்றியதா என்பதே அனைவரும் எதிர்பார்த்த விடை. இரு சாராரின் குடும்பத்தினரும் ஐந்தாண்டுகள் சோதிக்கப்பட்டனர். நோயாளியை வீட்டில் வைத்திருந்த குடும்பங்களில் கூடுதலாக நோய் தோன்றவில்லை. ஏன் எனில், தொற்று பெரும்பாலும் நோய் கண்டறியப்படுவதற்கு முன்னரே நிகழ்ந்துவிடுகிறது; முறையான மருந்து தொடங்கியதும் பரப்பும் ஆற்றல் விரைந்து குறைகிறது. எனவே, அஞ்சத்தக்கவர் மருந்துண்ணும் நோயாளி அல்லர். இருமலை மறைத்துக்கொண்டு மருந்துண்ணாதிருப்பவரே ஆவார். இவ்வொரு முடிவு, ஊரைவிட்டு ஒதுக்குவதற்கு அறிவியலில் இடமில்லை என்பதை நிலைநாட்டியது. சானடோரியங்களின் காலம் உலகெங்கும் முடிவுக்கு வர இந்த ஆய்வு பெருங்காரணமாயிற்று.

நான்காம் கூறு

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதியில், நோயுற்றவர், மருத்துவர், மருந்து என்னும் மூன்றோடு அமையாது, அருகிருந்து மருந்தூட்டித் துணைசெய்பவரையும் மருத்துவத்தின் நான்காம் கூறாக வைத்தார். சென்னை ஆய்வில் இந்நான்காம் கூறே முதன்மை பெற்றது எனலாம். சில திங்களில் இருமல் நின்றதும் 'குணமாகிவிட்டது' என்று மருந்தை நிறுத்துவது மனித இயல்பு. ஆகவே, மையத்தின் ஊழியர் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று எஞ்சிய மருந்தை எண்ணினர். சிறுநீரைச் சோதித்து மருந்து உட்கொள்ளப்பட்டதா என அறிந்தனர். மருந்தைக் கொடுப்பது வேறு. அது உண்ணப்படுவது வேறு என்பதை இதனால் உலகம் கற்றது.

இதனைத் தொடர்ந்து, வாரம் இருமுறை ஊழியரின் கண்முன்னே மருந்து தரும் முறையும் சென்னையிலேயே சோதிக்கப்பட்டு வெற்றி கண்டது. 1990களில் 'டாட்ஸ்' என்னும் பெயரில் உலகெங்கும் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு இதுவும் ஒரு வேராகும்.

மருத்துவக் கல்விக்கும் இதில் பாடம் உண்டு. படுக்கையில் கிடக்கும் நோயாளியை மட்டும் கண்டு பயிலும் மாணவர், அவர் எத்தகைய வீட்டிலிருந்து வந்தார் என்பதை அறியார். அண்மை ஆண்டுகளில் இளநிலை மருத்துவப் பாடத்திட்டத்தில், மாணவர் கிராமக் குடும்பங்களைத் தத்தெடுத்து அவர்தம் நலனைத் தொடர்ந்து கவனிக்கும் பயிற்சி சேர்க்கப்பட்டுள்ளது. 2022 ஜனவரியில் நம் விருதுநகர் மாவட்டத்துக்கும் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி வாய்த்துள்ளது. அங்குப் பயிலும் மாணவர் நெசவாளர் வீட்டுத் திண்ணையிலும் சிறிது நேரம் அமர்ந்து கற்பாராயின், அதுவே சென்னை ஆய்வின் வழிவந்த கல்வியாகும்.

உணவு பற்றிய மறுவினா

சென்னை ஆய்வைச் சிலர் தவறாகப் பொருள்கொண்டனர். 'நல்லுணவு இன்றியும் நோய் தீர்கிறது. ஆகவே உணவு வேண்டியதில்லை' என்று எண்ணினர். ஆய்வு கூறியது அதுவன்று. மருந்து முறையாகக் கிடைத்தால், வறிய உணவு உண்பவரும் குணமாக இயலும் என்பதே அது கூறியது. பசியால் மெலிந்த உடலில் நோய் ஏன் எளிதில் தோன்றுகிறது என்னும் வினாவை அது எடுத்துக்கொள்ளவில்லை. இருமலுக்கு விடை கிடைத்தது; தேய்வுக்கான விடை காத்திருந்தது.

அவ்விடை 2023 ஆகஸ்டில் வெளிவந்தது. ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில், டாக்டர் அனுராக் பார்கவா தலைமையில் நடந்த ஆய்வு அது. இதில் 2,800 நோயாளரும் அவர்தம் இல்லத்தார் 10,345 பேரும் இடம்பெற்றனர். நோயாளர் அனைவருக்கும் உணவுப் பொருள் தரப்பட்டது. ஒரு பிரிவில் இல்லத்தாருக்கும் அரிசியும் பருப்பும் நுண்சத்து மாத்திரையும் திங்கள்தோறும் வழங்கப்பட்டன. மற்றொரு பிரிவில் இல்லத்தாருக்கு அவை வழங்கப்படவில்லை. உணவு பெற்ற இல்லத்தாரிடம் புதிதாகக் காசநோய் தோன்றுவது ஏறத்தாழ நூற்றுக்கு 40 அளவு குறைந்தது. பிறருக்குப் பரவும் தன்மையுடைய நுரையீரல் காசநோயோ ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அரிசியும் பருப்பும் ஒரு தடுப்பு மருந்தைப் போல வேலை செய்தன என்பது எண்ணி வியக்கத்தக்கது. நோயாளர் முதல் இரு திங்களில் எடை கூடினால் இறப்புக்கான வாய்ப்பு பெரிதும் குறைகிறது என்பதும் இதனோடு புலனாயிற்று.

நடுவண் அரசு 2018 முதல் காசநோயாளருக்கு உணவுக்கென மாதம் 500 ரூபாய் வழங்கிவந்தது. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இதனைப் பெறுவது இரத்தல் அன்று. சிகிச்சையின் ஒரு பகுதி என்பதை நம் மக்கள் உணர வேண்டும்.

இறப்பைத் தடுக்கும் முயற்சி

வீட்டிலேயே சிகிச்சை என்பது பெரும்பாலோர்க்குப் பொருந்தும், எல்லார்க்கும் பொருந்தாது. காசநோயால் இறப்போருள் பலர் சிகிச்சை தொடங்கிய முதல் இரு திங்களுக்குள் இறக்கின்றனர். இதனைக் கருதித் தமிழ்நாடு அரசு, 2022 ஏப்ரலில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' என்பதைத் தொடங்கியது. நோய் கண்டறியப்பட்டவுடன் அவரது உயரத்துக்கேற்ற எடை உள்ளதா, மூச்சு விரைகிறதா, குருதியில் ஆக்சிஜன் அளவு எவ்வாறுள்ளது, பற்றுக்கோடின்றி நிற்க இயலுமா என்னும் சில எளிய சோதனைகளை ஊழியர் செய்கின்றனர். தேறாதவர் உடனே மருத்துவமனையில் சேர்க்கப்படுகின்றனர். எல்லாரையும் படுக்கையில் கிடத்திய காலம் ஒன்று. எவரையும் கிடத்த வேண்டாம் என்ற காலம் ஒன்று. யாருக்குப் படுக்கை தேவையோ அவரைத் தேர்ந்தறியும் காலம் இது. அறிவியல் தன்னைத் தானே திருத்திக்கொண்டு செல்லும் நெறிக்கு இது தக்க சான்றாகும்.

நம் பகுதிக்கு உரியன

நூற்பாலைப் பகுதியாகிய இங்கு ஒரு சிறப்பான இடர் உண்டு. 'பஞ்சுத் தூசி இருமல்தானே' என்று தொழிலாளர் இருமலைப் பொருட்படுத்தாது விடுகின்றனர். பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயும் மெய்யே. விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவது அதன் அடையாளம். அதுவும் மருத்துவரிடம் காட்ட வேண்டியதே. ஆனால் இது தூசியா, கிருமியா என்பதை நாமே முடிவுசெய்தல் ஆகாது. இரு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்வதே அறிவுடைமை. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இதற்குக் கட்டணமில்லை, மருந்தும் இலவசமே.

இதனினும் கொடியது மறைப்பு. மணமாக வேண்டிய பெண்ணுக்கு இந்நோய் என்றால் வாய்திறவாத குடும்பங்களும், மணமான பெண்ணுக்கு என்றால் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடும் குடும்பங்களும் இன்றும் உள்ளன. தனித் தட்டு, தனிக் குவளை, தனி மூலை என்று ஒதுக்கும் வழக்கமும் மறையவில்லை. இந்நோய் தட்டாலும் குவளையாலும் பரவுவதன்று; காற்றின் வழியே பரவுவது. மருந்தை விடாது உண்பதும், இருமும்போது வாயைத் துணியால் மூடுவதும், அறையில் காற்றோட்டம் இருப்பதுமே வேண்டுவன. நோயுற்றோரை நலம் விசாரிப்பதை ஒருவர் மற்றவர்க்குச் செய்ய வேண்டிய கடமைகளுள் ஒன்றாக வகுத்த நெறி நம்முடையது. நம் ஜமாஅத் பெரியோர்களும் ஊர்த் தலைவர்களும் வாய்திறந்து இதனைப் பேசுவார்களாயின், மருத்துவர் நூறு முறை கூறுவதைவிட அது மிகுந்த பயன் தரும்.

முடிவுரை

அர்ராஸியின் ஒப்பீட்டு நெறி, வள்ளுவர் வகுத்த நான்காம் கூறு, சென்னைக் குடிசைகளில் நடந்த ஆய்வு, ஜார்க்கண்டின் அரிசியும் பருப்பும் ஆகிய யாவும் ஒன்றையே உணர்த்துகின்றன. நோயை வெல்வது மருந்து. அம்மருந்து வெல்லுமாறு செய்வது உடனிருக்கும் மனிதர். அன்று பெயர் தெரியாத 193 ஏழைகள் தம் உடலையே ஏடாகத் தந்தனர். அதனை உலகம் படித்துப் பயன்பெற்றது. அவ்வேட்டைப் படிக்க வேண்டிய முறை இப்போது நம்முடையது. மாணவர்களே, உங்கள் தெருவில் ஒருவர் மூன்றாம் வாரமாக இருமுவதைக் கேட்டால், அவரை விட்டு விலகிச் செல்லாதீர்கள். அருகில் சென்று, கைப்பிடித்து, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.