ஈக்வலைசர் செய்தபோது தெரிந்துகொண்டது

எங்கள் பள்ளியின் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் யார் செய்தி வாசித்தாலும், குடத்துக்குள் பேசுவதுபோலத்தான் கேட்கும். கடைசி வரிசைக்கு ஒரு சொல்லும் புரியாது. பன்னிரண்டாம் வகுப்பில் மின்தேக்கியின் மின்மறுப்பை நடத்தி முடித்த வாரம், இதைச் சரிசெய்வதையே செயல்திட்டமாக எடுத்துக்கொள்ளலாமா என்று ஐந்து மாணவர்கள் கேட்டார்கள்.

சுற்று புதிதல்ல. பீட்டர் பாக்ஸண்டால் 1952-இல் வெளியிட்ட அமைப்பு. பாஸுக்கு ஒரு குமிழ், டிரெபிளுக்கு ஒரு குமிழ். அதிர்வெண் கூடினால் மின்தேக்கியின் மின்மறுப்பு குறையும் என்ற ஒரே உண்மைதான் அதற்கு அடிப்படை.

முதல் நாள் ஒரு சிறு சோதனை மட்டும். கைப்பேசிப் பாட்டை 10 கிலோ ஓம் மின்தடை வழியாக ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்து, அந்த முனையிலிருந்து தரைக்கு ‘104’ என்று அச்சிட்ட மின்தேக்கியை இணைத்தோம். அது 0.1 மைக்ரோஃபாரட். வெட்டு அதிர்வெண் ஏறத்தாழ 159 ஹெர்ட்ஸ் என்பதால் தவில் மட்டும் கேட்டது. ‘103’-ஐ மாற்றியதும் 1,590 ஹெர்ட்ஸ்; பாடகரின் குரல் வந்துவிட்டது. சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதும்முன் காதால் கேட்டுவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

பிறகு டிஎல்072 ஐசி, ஒரு 9 வோல்ட் பேட்டரி. ஒற்றைப் பேட்டரி என்பதால் இரண்டு 10 கிலோ ஓம் மின்தடைகளைத் தொடராக வைத்து, நடுவில் 4.5 வோல்ட் எடுக்க வேண்டும். இயக்கிப் பார்த்தால் குரல் கிழிந்து வந்தது. விடையைச் சொல்லாமல் மல்டிமீட்டரைக் கையில் கொடுத்தேன். நடுமுனையில் 8.2 வோல்ட்! அலை மேலே ஏற இடமில்லாமல் அதன் தலை வெட்டுப்பட்டிருக்கிறது. மேல் மின்தடை 10 கிலோ ஓம் அல்ல, 1 கிலோ ஓம். மூன்றாம் வளையம் ஆரஞ்சாக இருக்க வேண்டியது சிவப்பாக இருந்தது.

குமிழைத் தொட்டால் வந்த இரைச்சல் எளிதாகத் தீர்ந்தது. அதன் உலோக உடலைச் சுரண்டித் தரைக்கம்பியோடு பற்றவைத்தோம்.

என்னை உறுத்தியது அந்த மின்தடைதான். அதைப் பொருத்திய மாணவன் மின்தேக்கி எண்களை ஒருமுறைகூடத் தவறாகப் படித்ததில்லை. ஆனால் நிறக்குறியீட்டுப் பயிற்சியில் ‘கவனக்குறைவு’ என்று அவன் குறிப்பேட்டில் மூன்று முறை எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் போனபின் இரண்டு மின்தடைகளையும் காட்டிக் கேட்டேன். “ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுது சார்” என்றான்.

பெற்றோரிடம் பேசி, கண் மருத்துவரிடம் அனுப்பினோம். இஷிஹாரா புள்ளிப் படங்களில் சிவப்பு–பச்சை நிறக்குறைபாடு உறுதியானது. ரயில் ஓட்டுநராவதுதான் அவன் கனவு. அந்தப் பணிக்கு நிறப்பார்வைத் தேர்வு உண்டு என்பதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு நாள் அவன் ஆய்வகம் பக்கம் வரவில்லை. அவன் குறிப்பேட்டை வாங்கி, எழுதியதை அடித்துக் கையொப்பமிட்டேன்.

வேதியியல் ஆசிரியரிடமும் சொல்லிவிட்டேன். தரம்பார்த்தலில் நிறம் மாறும் கட்டத்தை இப்போது பக்கத்து மாணவன் சொல்கிறான். எங்கள் மின்தடைகள் மதிப்பு எழுதிய தாள் உறைகளில் இருக்கின்றன. பொருத்தும்முன் ஒவ்வொன்றையும் மீட்டரில் அளப்பது அவன் வேலை.

பாஸ் குமிழைக் கால்பங்கில் வைத்தால் செய்தி கடைசி வரிசைவரை தெளிவாகக் கேட்கிறது. காற்றடித்தால் மட்டும் மைக் உறுமுகிறது. அதற்கு ஸ்பாஞ்ச் உறை தைத்துக்கொண்டிருக்கிறார்கள்.