வேதனையைப் பாடிய கவி: சுவின்பர்னைப் படிக்கும் முறை

ஆங்கிலக் கவிதைகளை வரிசையாகப் படித்துவரும் அன்பர்கள் டென்னிசன், பிரௌனிங் வரை தடையின்றி வந்துவிடுவார்கள். அல்ஜெர்னான் சார்லஸ் சுவின்பர்னிடம் (1837–1909) வந்ததும் பலர் புத்தகத்தை மூடிவிடுவது உண்டு. சொற்கள் கடினம் என்பதால் அல்ல. அவருடைய கவிதையில் முத்தமும் காயமும் அடுத்தடுத்து வருகின்றன. காதலி துன்பப்பட வேண்டும் என்று ஒரு குரல் பாடுகிறது. அவள் கையால் நான் துன்பப்பட வேண்டும் என்று இன்னொரு குரல் வேண்டுகிறது. இதை நோய் என்று ஒதுக்குவதா, கவிதை என்று படிப்பதா? படிப்பது என்றால் எதைப் பிடித்துக்கொண்டு படிப்பது? இக்கட்டுரையில் அதைச் சற்று விரிவாகக் காண்போம்.

முதலில் இவற்றின் பின்னால் நிற்கும் மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் மார்க்கி தெ சாத் (1740–1814), பிரெஞ்சுப் பிரபு. 'லிபர்ட்டின்' என்று அழைக்கப்பட்ட எழுத்தாளர்களில் பெயர் மிகக் கெட்டவர் இவர்தான். அந்தச் சொல்லின் லத்தீன் வேருக்கு விடுதலை பெற்ற அடிமை என்று பொருள். பின்னர் சமயக் கட்டுப்பாட்டை ஏற்காத சிந்தனையாளரைக் குறித்தது. கடைசியில் ஒழுக்கக் கட்டுப்பாடு எதையும் ஏற்காதவரைக் குறிப்பதாயிற்று. தெ சாத்திடம் பின்னிரண்டு பொருளும் பொருந்தும். இயற்கை இரக்கமற்றது, படைப்பதைப் போலவே அழிப்பதும் அதன் தொழில், ஆகவே கொடுமை செய்பவன் இயற்கையின் வழியில்தான் நடக்கிறான் என்பது அவர் நாவல்களில் வரும் தீயவர்களின் வாதம். 1791-இல் வெளிவந்த 'ஜஸ்டீன்' நாவலில் நல்லொழுக்கமுள்ள ஒரு பெண் தன் நல்லொழுக்கத்தின் காரணமாகவே அடிமேல் அடி வாங்குகிறாள்.

இது காகிதத்தோடு நின்றதா என்றால், இல்லை. 1768-ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று பாரிசில் பிச்சை எடுத்துக்கொண்டிருந்த ரோஸ் கெல்லர் என்ற விதவையை, வேலை தருவதாகச் சொல்லி ஆர்குவேயில் இருந்த தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று அடைத்து வைத்துச் சாட்டையால் அடித்தவர் தெ சாத். அந்தப் பெண் சன்னல் வழியாகத் தப்பி ஊராரிடம் முறையிட்டாள். பிரபுவின் குடும்பம் பணம் கொடுத்து அவள் புகாரைத் திரும்பப் பெறச் செய்தது. 1772-இல் மார்செய் நகரில் இன்னொரு வழக்கு. தெ சாத் வாழ்நாளில் பல ஆண்டுகளைச் சிறைகளில் கழித்தார். 1784 முதல் 1789 வரை பாஸ்டீல் கோட்டையில் இருந்தார். சாரன்டன் மனநோய் விடுதியில் இறந்தார். அவரை வெறும் சுதந்திரச் சிந்தனையாளர் என்று புகழ்பவர்கள் ரோஸ் கெல்லரை மறந்துவிடுகிறார்கள். நாம் மறக்க வேண்டியதில்லை.

இனி சுவின்பர்ன். 1861-இல், தெ சாத்தின் புத்தகம் ஒன்றைக்கூடப் படிக்காத நிலையில், சாரன்டன் விடுதியில் இருக்கும் அந்தக் கிழவரைப் பற்றிப் பிரெஞ்சு மொழியில் ஒரு கவிதை எழுதினார். அவரைக் கவர்ந்தது அந்தப் பெயரும் அதைச் சுற்றியிருந்த பயங்கரமும்தான். மறு ஆண்டு, கீட்ஸின் முதல் வரலாற்றாசிரியரான ரிச்சர்ட் மாங்டன் மில்ன்ஸின் நூலகத்திலிருந்து 'ஜஸ்டீன்' கைக்கு வந்தது. படித்த சுவின்பர்ன் என்ன செய்தார்? சிரித்தார். நண்பர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டி, விழுந்து விழுந்து சிரித்ததாக மில்ன்ஸுக்குக் கடிதம் எழுதினார். எண்ணிக்கையையும் அளவையும் கூட்டிக்கொண்டே போவதை இவர் மகத்துவம் என்று எண்ணிவிட்டார் என்பது அவர் குறை. அதைவிட முக்கியமான இன்னொரு கருத்தும் அக்கடிதத்தில் உண்டு. தெ சாத் தம்மைக் கிறிஸ்தவத்துக்கு வெளியே நிற்கும் பெரிய பேகன் தத்துவவாதி என்று நினைத்துக்கொள்கிறார், ஆனால் உண்மையில் அவர் உடலை வதைத்து ஆன்மாவைக் கடைத்தேற்ற முயலும் கிறிஸ்தவத் துறவிதான் என்கிறார் சுவின்பர்ன்.

இது வேடிக்கைக்காகச் சொன்னதே ஆனாலும், 1866-இல் வந்த அவருடைய 'கவிதைகளும் பாலட்களும்' தொகுதிக்கு இதைவிட நல்ல திறவுகோல் வேறு இல்லை என்பது என் கருத்து.

அத்தொகுதியின் 'டோலரஸ்' என்ற கவிதையை எடுத்துக்கொள்வோம். டோலரஸ் ஸ்பானியப் பெண்பெயர். துயரங்கள் என்று பொருள். ஏழு துயரங்களைத் தாங்கிய மரியன்னையின் பட்டத்திலிருந்து வந்தது. நம் தமிழ்க் கத்தோலிக்கர் வியாகுல மாதா என்று வணங்கும் அன்னையும் இவரே. சுவின்பர்ன் இந்தப் பட்டத்தை எடுத்துத் திருப்பி வைத்தார். அன்னை பிறர் துயரைத் தாங்குபவர். இவருடைய டோலரஸ் துயரைத் தருபவள். மாதா மன்றாட்டு மாலையில் பட்டம் பட்டமாகச் சொல்லி அழைப்பது போலவே இங்கும் பட்டங்கள் அடுக்கடுக்காக வருகின்றன. ஆனால் கேட்கும் வரம் வேறு. மனம் மரத்துப் போயிற்று, உன் கடுமையாலாவது எனக்கு உணர்வைக் கொடு என்பதுதான் சாரம். தெ சாத் சாட்டையைக் கையில் வைத்திருப்பவனின் பக்கத்திலிருந்து எழுதினார். 'டோலரஸ்' பாடுபவன் மண்டியிட்டிருப்பவன். ஆசை தணிந்தபின் வரும் சலிப்புத்தான் இதில் உண்மையான வேதனை. கவிதையில் வரும் பற்களும் இரத்தமும் அந்தச் சலிப்பை மறைக்கும் மேடை அலங்காரம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஈட்டன் பள்ளியில் வாங்கிய பிரம்படிதான் காரணம் என்பாரும் உண்டு. அது மனிதரை ஓரளவு விளக்கும், கவிதையை விளக்காது.

இதன் யாப்பையும் கவனிக்க வேண்டும். எட்டடிச் செய்யுள்கள் 55. அழுத்தமில்லாத இரண்டு அசை, அழுத்தமுள்ள ஓர் அசை என்ற சீர் அடிக்கு மூன்று முறை வரும். எட்டாவது அடி மட்டும் குட்டை. ரயில்வேயில் காலம் கழித்தவனுக்கு இது பழைய ஃபிஷ்பிளேட் இணைப்புத் தண்டவாளத்தில் 13 மீட்டருக்கு ஒரு முறை சக்கரம் தட்டும் ஓசையை நினைவூட்டும். அந்தத் தாளத்தில் பயணி தூங்கிவிடுவான். இந்தத் தாளத்திலும் வாசகன் சொல்லப்படும் பொருளைக் கவனியாமல் போய்விடக்கூடும். குட்டை அடி பிரேக் போட்டாற்போல எழுப்பிவிடுகிறது. ஆகவே முதலில் வாய்விட்டும், பிறகு ஓசையை அடக்கிப் பொருளுக்காகவும் இரண்டு முறை படியுங்கள்.

'அனக்டோரியா' இதைவிட ஆழமானது. கிரேக்கப் பெண்கவி சாஃபோ தன் தோழி அனக்டோரியாவிடம் பேசுவதாக அமைந்தது. இங்கே பேசுபவள் துன்புறுத்த விரும்புகிறாள். அவள் காதல் திரும்பக் கிடைக்கவில்லை. கிடைக்காத அன்பை வலியாகவாவது பதிய வைக்க நினைக்கிறாள். பாதியில் கவிதை திடீரென மேலே ஏறுகிறது. நான் கொடியவள் என்றால், பசியையும் புயலையும் சாவையும் படைத்தவன் யார் என்று கடவுளைக் கூண்டில் ஏற்றுகிறாள். இந்த இடத்தில்தான் தெ சாத்தின் வாதம் நேராக நுழைகிறது, ஆனால் திசை மாறி. அங்கே அது கொடியவனுக்குச் சமாதானம். இங்கே அடிபட்டவளின் குற்றப்பத்திரிகை. முடிவில், நீ மறக்கப்படுவாய், என் பாட்டால் நான் நிலைப்பேன் என்கிறாள்.

அகப்பாடல் படித்துப் பழகியவர்களுக்கு ஒரு வசதி உண்டு. தலைவி கூற்று என்றால் புலவர் வேறு, தலைவி வேறு என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றும், பொருந்தாக் காமத்தைப் பெருந்திணை என்றும் ஐந்திணைக்கு வெளியே, ஆனால் இலக்கணத்துக்கு உள்ளேயே வைத்தவர் தொல்காப்பியர். அந்தக் காலத்து லண்டன் விமரிசகர்களுக்கு இந்தப் பழக்கம் போதவில்லை. 1866 ஆகஸ்டில் 'சாட்டர்டே ரிவ்யூ' இதழில் பெயரிடாமல் கடுமையாகத் தாக்கி எழுதியவர் ஜான் மார்லி. பின்னாளில் இந்திய மந்திரியாகி, 1909-இன் மிண்டோ–மார்லி சீர்திருத்தத்தில் நம் பாடப்புத்தகங்களில் இடம்பெற்றாரே, அவரேதான். பதிப்பாளர் மாக்சன் நிறுவனம் புத்தகத்தைத் திரும்பப் பெற்றது. ஷெல்லியின் 'குவீன் மாப்' கவிதைக்காக 1841-இல் ஏற்கெனவே வழக்கைச் சந்தித்த நிறுவனம் அது, பயந்ததில் வியப்பில்லை. ஜான் காம்டன் ஹாட்டன் என்பவர் விற்பனையை ஏற்றுக்கொண்டார்.

சுவின்பர்ன் அதே ஆண்டு வெளியிட்ட மறுப்பில், இவை பாத்திரங்களின் குரல்கள், எந்தக் குரலையும் என் நம்பிக்கையாகக் கொள்ளக்கூடாது என்று வாதிட்டார். இந்த வாதத்தை நான் முக்கால் பங்கு ஏற்கிறேன். மீதிக் கால் பங்கு, பாத்திரங்களை அவர் தேர்ந்தெடுத்த விதத்தில் இருக்கிறது. ஃபாஸ்டீன், வீனஸ், டோலரஸ் என்று மறுபடி மறுபடி ஒரே வகைக் கொடிய அழகியிடம் போவது நாடகாசிரியரின் தேவை அல்ல, கவிஞரின் தாகம்.

கவிதையில் யார் பேசுகிறார் என்று கேட்டபின், யார் பேசவில்லை என்றும் கேட்க வேண்டும். முந்நூறு வரிக் கவிதையில் அனக்டோரியாவின் வாயிலிருந்து ஒரு சொல் இல்லை. டோலரஸும் பேசுவதில்லை. தெ சாத்தின் ஜஸ்டீனாவது தன் கதையைத் தானே சொல்கிறாள்! வலி யாருடையது, இன்பம் யாருடையது, இரண்டையும் கணக்கெழுதுபவர் யார் என்று பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டே படித்தால், இவ்வகைக் கவிதைகளில் எது மனித மனத்தைத் திறந்து காட்டுகிறது, எது வெறுமனே அதிர்ச்சி தருகிறது என்பது தெரியத் தொடங்கும். இந்தக் கணக்கில் 'டோலரஸ்' நடுவில் பல செய்யுள்களில் தோற்கிறது. 'அனக்டோரியா' தேறிவிடுகிறது.

சுவின்பர்னுக்கு அனக்டோரியா என்பது பழைய நூல்களில் கண்ட ஒரு பெயர் மட்டுமே. சாஃபோவின் பாடல்களில் அவர் சார்ந்து நின்றவை, காதலியைக் கண்டதும் உடல் நடுங்குவதைச் சொல்வதும், காதல் தேவதையை அழைப்பதுமான இரண்டு. அனக்டோரியாவின் பெயரையே சொல்லும் சாஃபோவின் பாடல் எகிப்தில் ஆக்சிரிங்கஸ் என்ற இடத்தின் பழைய குப்பை மேடுகளில் பப்பைரஸ் சுருளில் கிடைத்து 1914-இல் பதிப்பிக்கப்பட்டது. சுவின்பர்ன் இறந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அதில் சாஃபோ யாரையும் காயப்படுத்த விரும்பவில்லை. அருகில் இல்லாத தோழியின் நடையையும் முகத்தின் ஒளியையும் நினைக்கிறாள். லிடிய நாட்டுத் தேர்ப்படையைப் பார்ப்பதைவிட அவற்றைப் பார்ப்பதையே விரும்புகிறாள். இரண்டு கவிதைகளையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துப் படிக்கலாம். முதலில் சுவின்பர்ன், பிறகு சாஃபோ.