அம்பாசிடர் காரில் ஆயில் ஒழுகுவது ஏன்?



திண்டிவனத்தில் என் தாத்தாவிடம் ஒரு பழைய 'மார்க் 3' அம்பாசிடர் இருக்கிறது. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடிப்படையாக வைத்து மேற்கு வங்காளத்தில், உத்தர்பாரா என்ற ஊரில் செய்த வண்டி. 2014-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். ஆனால் மயிலம் கோயில் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு இன்னும் இதைத்தான் கேட்கிறார்கள். அந்த வாடகையில்தான் தாத்தாவின் மருந்துச் செலவு ஓடுகிறது.

கோடை விடுமுறையில் வண்டி நின்ற இடமெல்லாம் கறுப்பாக ஆயில். இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்துக்கு அடியில் சொட்டியது. ஒரு மெக்கானிக் பார்த்துவிட்டு, "இன்ஜினை இறக்கணும், பதினைந்தாயிரம் ஆகும்" என்றார். தாத்தா முகமே வாடிப்போச்சு.

"சொட்டுற இடம் வேற, ஒழுகுற இடம் வேறடா. முதல்ல துடை" என்றார் தாத்தா. ஆறிய இன்ஜினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்ததும் முகப் பவுடரைத் தூவினோம். (பாட்டியிடம் திட்டு வாங்கினது தனிக் கதை!) பத்து நிமிடம் ஓட்டியதும் பவுடரில் ஈரக்கோடு தெரிந்தது. மேலே ராக்கர் கவர் ஓரத்தில் இருந்து ஒரு கோடு பின்பக்கமாக இறங்கியது.

அந்தக் கவருக்கு அடியில் தக்கை கேஸ்கட் இருக்கிறது. தக்கையை அழுத்தினால் ரப்பர் மாதிரி பக்கவாட்டில் பிதுங்காது, தனக்குள்ளேயே சுருங்கி இடைவெளியை அடைக்கும். ஆனால் நட்டை அளவுக்கு மேல் முறுக்கினால் தகரக் கவர் வளைந்துவிடும், தக்கையும் பிளந்துவிடும். எங்கள் வண்டியில் நடந்தது அதுதான். மரக்கட்டை வைத்துத் தட்டி விளிம்பை நேராக்கினோம். வாங்கி வந்த புது கேஸ்கட் காய்ந்து சுருங்கி, கவர் அளவுக்கு எட்டவில்லை. வெந்நீரில் ஊறவைத்ததும் சரியாக உட்கார்ந்தது. இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். பேஸ்ட்டை அள்ளிப் பூசக் கூடாது. பிதுங்கி உள்ளே விழுந்தால் ஆயில் வடிகட்டியை அடைத்துவிடும்.

இவ்வளவு செய்தும் பின்பக்கச் சொட்டு நிற்கவில்லை. இந்த பெட்ரோல் இன்ஜினில் கிராங்க் ஷாப்டின் பின்முனைக்கு ரப்பர் சீல் கிடையாது. திருகு மரை மாதிரி வெட்டியிருப்பார்கள். சுற்றும்போது அதுவே ஆயிலை உள்ளே தள்ளிவிடும். உள்ளே அழுத்தம் கூடினால் அதனால் தாக்குப்பிடிக்க முடியாது. பிஸ்டன் ஓரமாக எப்போதும் கொஞ்சம் புகை கீழே இறங்கும். அது வெளியேறத்தான் பிரீதர் குழாய். (ஆவி போகும் துளை அடைத்த குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள்.) கழற்றிப் பார்த்தால், குழாய் முழுக்க களிம்பு மாதிரி அழுக்கு! கழுவி மாட்டினோம். பிஸ்டன் ரிங் தேய்ந்த வண்டி என்றால் இது மட்டும் போதாது. எங்கள் அதிர்ஷ்டம், ரிங் நன்றாக இருந்தது.

இப்போது ராத்திரி முழுக்க நின்றால் அடியில் விரித்த பேப்பரில் இரண்டு மூன்று சொட்டுதான். வண்டி மறுபடி முகூர்த்தத்துக்குப் போகிறது. கிளம்பும் முன் டிப் ஸ்டிக்கை இழுத்து ஆயில் பார்ப்பது என் வேலை.

– 11-ஆம் வகுப்பு மாணவன்